பின்வளவு: சீடார் வேலி வைக்கலாமோ?

ஒஷாவாவில், டோன்டன் வீதிக்கு வடக்கே புதுவீடு எடுத்த ஒரு வாசகி போன மாதம் எழுதியிருந்தா. அவவின் கேள்வி இது:

"எங்கட பின்வளவு நாற்பதடி அகலம். பின்னுக்கு இருக்கிற வீட்டின்ர டெக் எங்கட வளவை நேரா பாத்தபடி நிக்குது. அம்மா முதல் கோடையில ஒவ்வொரு நாளும் பின்னேரம் வெளியில கதிரை போட்டு இருந்தவ. இப்ப வெளியில வாறதே இல்லை. எமரால்ட் சீடார் பதினைஞ்சு வைக்கலாம் எண்டு யோசிக்கிறம். ஆனா எங்கட தெருவிலேயே மூண்டு வீட்டில வச்ச சீடார் மண்ணிறமா செத்துப்போய் நிக்குது. காசைக் கொட்ட முதல் கேக்கிறன். வைக்கலாமோ?"

வைக்கலாம். தாராளமாக வைக்கலாம். வெள்ளைச் சீடார் ஒன்ராறியோவின் சொந்த மரம். இந்தக் குளிரும் இந்த மண்ணும் அதற்குப் புதிதில்லை. ஆனால் தெருவில் செத்து நிற்கிற மரங்கள் ஏன் செத்தன என்று விளங்காமல் நட வெளிக்கிடாதேங்கோ. பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: தேவைக்கு மேல் ஆழமாக நட்டது, முதல் இரண்டு வருடம் தண்ணீர் போதாமல் விட்டது, அல்லது களிமண் குழிக்குள் தண்ணீர் தேங்கி வேர் அழுகியது. மூன்றையும் தடுக்கலாம். அதுக்கு முதல், இது என்ன மரம் என்று கொஞ்சம் பார்ப்பம்.

ஊர் வேலியும் இந்த வேலியும்

உங்களில் பலர் இங்கே பிறந்தவர்கள், இல்லாவிட்டால் சின்னனில் வந்தவர்கள். வேலி என்றால் உங்களுக்கு ஆறடிப் பலகை. அம்மா அப்பாவிடம் கேட்டுப் பாருங்கோ, அவர்கள் சொல்லும் வேலி வேறு. யாழ்ப்பாணத்தில் வேலி என்பது உயிருள்ள சாமான். கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை என்று மரத்தில் தடி வெட்டி, மாரி மழையை ஒட்டி வரிசையாக ஊன்றுவார்கள். அதற்குப் பெயர் கதியால். ஊன்றின தடி துளிர்த்து மரமாகும். கதியாலுக்குக் கதியால் இடையில் கிடுகோ பனையோலையோ வைத்து வரிந்து கட்டினால் மறைப்பு. தழை ஆட்டுக்கும் தோட்டத்துப் பசளைக்கும் போகும். பூவரசம் இலையைச் சுருட்டிப் பிள்ளைகள் பீப்பீ ஊதுவார்கள். ஒரே வேலியில் மறைப்பு, தீவனம், பசளை, விளையாட்டு எல்லாம் இருந்தது.

இரண்டு விஷயம் இன்னும் இருந்தது. ஒன்று, பொட்டு. பக்கத்து வீட்டுக்குப் போய்வர வேலியில் விட்ட சின்ன ஓட்டை. உப்புப் புளி கடன் வாங்குவதும், பிள்ளை பிறந்த செய்தி போவதும் அந்த வழியால்தான். மற்றது, வேலிச் சண்டை. கதியாலை அரையடி தள்ளி ஊன்றிவிட்டான் என்று தொடங்கி, கோட்டில் போய் நின்ற கதைகள் எல்லாக் குடும்பத்திலும் ஒன்றாவது இருக்கும். இந்த இரண்டும் ஒஷாவாவுக்கும் பொருந்தும். பின்னால் வாறன்.

இது என்ன மரம்?

இங்கே எல்லாரும் 'சீடார்' என்று சொல்வது கிழக்கத்திய வெள்ளைச் சீடார். தாவரப் பெயர் தூயா ஒக்சிடென்டாலிஸ். உண்மையில் இது சைப்பிரஸ் குடும்பத்து மரம். லெபனான் சீடாருக்கும் இதற்கும் கிட்டின சொந்தமில்லை. சுண்ணாம்புக்கல் மண்ணிலும் ஈரமான தாழ்நிலத்திலும் தானாக வளரும். நயாகரா மலைச்சரிவின் செங்குத்துப் பாறைகளில் ஒட்டிக்கொண்டு நிற்கும் சீடார்களின் வளையங்களை, 1980களின் கடைசியில் குவெல்ப் பல்கலைக்கழகத்தின் டக் லார்சனும் அவரது குழுவினரும் எண்ணத் தொடங்கினார்கள். ஆயிரம் வருடம் தாண்டிய மரங்கள் அங்கே நின்றன. ஆள் உயரம்கூட இல்லாத கோணல் மரம் சோழர் காலத்தில் முளைத்ததாக இருக்கலாம். மெதுவாக வளர்வதுதான் அதன் பலம்.

இந்த மரத்துக்கு ஒரு சரித்திரமும் உண்டு. 1535-36 குளிர்காலத்தில் ஜாக் கார்த்தியேயின் ஆட்கள் இன்றைய கியூபெக் நகரத்துக்குக் கிட்ட ஐஸுக்குள் அகப்பட்டார்கள். 110 பேரளவில் இருந்தவர்கள். விற்றமின் சி இல்லாமல் வரும் ஸ்கேவி நோயில் 25 பேர் இறந்துபோனார்கள். அப்போது ஸ்டடகோனா ஊரைச் சேர்ந்த டொமகாயா என்பவர் 'அன்னெடா' என்ற மரத்தின் இலையையும் பட்டையையும் அவித்துக் குடிக்கச் சொல்லிக் கொடுத்தார். மிச்சப் பேர் பிழைத்தார்கள். அது வெள்ளைச் சீடார்தான் என்பது பலரின் முடிவு, வேறு மரம் என்று சொல்பவர்களும் உண்டு. 'ஆர்பர்விட்டே', அதாவது உயிர் மரம், என்ற பெயர் அந்தக் கதையோடு சேர்த்துத்தான் சொல்லப்படுகிறது. கதையின் மிச்சத்தைப் பாடப் புத்தகங்கள் சில நேரம் விட்டுவிடும். வசந்தம் வந்ததும் கார்த்தியே, ஊர்த் தலைவர் டொன்னகோனாவையும் மருந்து சொல்லிக் கொடுத்த டொமகாயாவையும் இன்னும் சிலரையும் பிடித்துப் பிரான்சுக்குக் கொண்டுபோனார். அவர்களில் ஒருவரும் ஊர் திரும்பவில்லை.

ஒஷாவா நிற்கும் நிலம் மிஸ்ஸிஸாகா மக்களின் நிலம். ஸ்குகொக் தீவு மிஸ்ஸிஸாகாக்கள் இன்றும் ஒஷாவாவுக்கு வடக்கே கொஞ்சத் தூரத்தில் இருக்கிறார்கள். அனிஷினாபே மக்களின் நான்கு புனித மருந்துகளில் சீடாரும் ஒன்று. புகையிலை, இனிப்புப் புல், சேஜ் மற்ற மூன்றும். பள்ளிக்கூடத்தில் காலையில் நில அங்கீகாரம் கேட்டுவரும் பிள்ளைக்கு, வீட்டுப் பின்வளவில் நிற்கிற மரத்தைக் காட்டி இதைச் சொல்லலாம்.

ஒரு எச்சரிக்கை: இந்தக் கதையைக் கேட்டுவிட்டுச் சீடார் இலையில் தேத்தண்ணி வைக்க வெளிக்கிடாதேங்கோ. அதில் தூஜோன் என்ற நச்சுப் பொருள் உண்டு. முக்கியமாகக் கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் தொடக்கூடாது. அளவும் முறையும் தெரிந்தவர்களின் மருந்து அது.

எந்தச் சீடார்?

நேர்சரியில் போய் நின்றால் மூன்று வகை கண்ணில் படும்.

முதலாவது எமரால்ட். இந்த வகையைத் தெரிந்தெடுத்தது டென்மார்க்கில், 1950இல். கனடா மரம் ஐரோப்பாவுக்குப் போய்ப் பேர் மாற்றிக்கொண்டு திரும்பி வந்திருக்குது, எங்கட பிள்ளைகள் மாதிரி. ஒடுக்கமாக, கூம்பு போல, கத்தரிக்காமலே வடிவாக நிற்கும். 10 முதல் 15 அடி உயரம், மூன்று நாலு அடி அகலம். வருடத்துக்கு ஆறு முதல் பன்னிரண்டு அங்குலம் வளரும். சின்னப் பின்வளவுக்கு இதுதான் சுகம்.

இரண்டாவது பிளாக் சீடார். நைக்ரா என்றும் சொல்வார்கள். கரும்பச்சை, அகலம் கூட, 20 அடி தாண்டும். இடம் உள்ளவர்களுக்கு நல்லது.

மூன்றாவது வயல் சீடார். பெயர்ப்பலகையில் வெறும் 'வெள்ளைச் சீடார்' என்று போட்டிருப்பார்கள். காட்டு மரத்தின் நேரடிப் பிள்ளை. விலை குறைவு, ஆனால் வருடா வருடம் கத்தரிக்காவிட்டால் ஐதாகி, முப்பது நாற்பதடிக்கு ஏறிவிடும். கத்தரிக்கோலோடு நிற்க விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும்.

கத்தரித்த பச்சை வேலி வளர்ந்தால் எப்பிடி இருக்கும் என்று நேரில் பார்க்க ஒஷாவாவிலேயே இடம் உண்டு. ஜெனரல் மோட்டர்ஸ் கனடாவின் முதல் தலைவர் சாம் மக்லொக்லினின் பார்க்வுட் மாளிகைத் தோட்டத்தில், பச்சை மதில்களால் அறை அறையாகப் பிரித்திருக்கிறார்கள். அந்தத் தோட்டத்தில் வேலை செய்த ஹவார்ட், லொரி டனிங்டன்-கிரப் தம்பதிதான் 1913இல் ஷெரிடன் நேர்சரியைத் தொடங்கியவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கோ.

எவ்வளவு உயரம் வேணும்?

எட்டடி மரம் வாங்கினால்தான் மறைக்கும் என்று நினைத்துப் பலர் இரண்டு மடங்கு காசு கொடுக்கிறார்கள். முதலில் கணக்குப் பாருங்கோ.

டெக்கின் தரை நிலத்திலிருந்து நாலடி, அதில் நிற்பவரின் கண் அதற்கு மேல் ஐந்தடி என்று வைப்பம். மொத்தம் ஒன்பதடி. டெக் உங்கள் வேலியிலிருந்து பதினைந்து அடி தள்ளி நிற்குது. அம்மாவின் கதிரை வேலிக்கு இந்தப் பக்கம் இருபதடியில். இருக்கிறவரின் தலை நிலத்திலிருந்து நாலடி. அந்தக் கண்ணிலிருந்து இந்தத் தலைக்கு ஒரு நூல் கட்டினால், முப்பத்தைந்து அடியில் ஐந்தடி இறங்கும். வேலியைத் தாண்டும் இடத்தில் நூலின் உயரம் ஏழடிக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, ஏழடி மரம் போதும். இன்று ஐந்தடியில் வாங்கும் எமரால்ட் மூன்று நாலு கோடையில் அங்கே போய்விடும். சின்ன மரம் வேர் பிடிப்பதும் கெதி. எட்டடி மரம் இடம் மாறின அதிர்ச்சியில் இரண்டு வருடம் சும்மா நிற்கும்.

உங்கள் வளவின் அளவு வேறாக இருக்கும். ஒருவர் கதிரையில் இருக்க, இன்னொருவர் வேலியடியில் நீளத் தடியைப் பிடிக்க, டெக் மறையும் இடத்தில் அடையாளம் போடுங்கோ. பிள்ளைகளுக்கு நல்ல கணக்குப் பாடம்.

கிடங்கு வெட்ட முதல்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதேங்கோ. சண்டையும் செலவும் இங்கேதான் தொடங்கும்.

முதலில் வீட்டுக் காணியின் சர்வே வரைபடத்தை எடுங்கோ. பலகை வேலி நிற்கிற இடம்தான் எல்லை என்று நினைக்க வேண்டாம். சில நேரம் அரையடி இங்கால் அங்கால் நிற்கும். மரத்தை எல்லையிலிருந்து குறைந்தது மூன்றடி உள்ளே நடுங்கோ. எமரால்ட் முழுசா வளர்ந்தால் பாதி அகலம் இரண்டடி வரும். பின்பக்கம் போய்த் தண்ணி விடவும் கத்தரிக்கவும் இன்னும் ஒரு அடி வேணும்.

சட்டமும் இதையே சொல்லுது. ஒன்ராறியோ வனச் சட்டத்தின்படி, இரண்டு காணிகளின் எல்லைக் கோட்டில் அடிமரம் வளர்ந்து நிற்கும் மரம் இரண்டு பேருக்கும் பொதுச் சொத்து. மற்றவரின் சம்மதம் இல்லாமல் வெட்டுவதும் காயப்படுத்துவதும் குற்றம். 2013இல் ரொறன்ரோவில் ஒரு மேப்பிள் மரத்தைப் பற்றிய வழக்கில், அடிமரம் என்பது நிலமட்டம் மட்டுமில்லை, வேரடியிலிருந்து கிளை பிரியும் இடம் வரைக்கும் என்று கோடு தீர்த்தது. அதாவது, உங்கள் பக்கம் நட்ட மரமும் பருத்து எல்லை தாண்டினால் பங்கு மரமாகலாம். ஊரில் கதியால் அரையடி நகர்ந்த கதைதான், இங்கே மரமே நகருது.

இரண்டாவது, தண்ணீர் ஓடும் பள்ளம். புதுக் குடியிருப்புகளில் வீட்டுக்கு வீடு இடையிலும் பின் எல்லையிலும் ஆழமில்லாத ஒரு வாய்க்கால் விட்டிருப்பார்கள். மழைத் தண்ணி அதால்தான் போகுது. அதை மண் போட்டு நிரப்பி மரம் வைத்தால் தண்ணி அயலவரின் நிலவறைக்குள் போகலாம். பள்ளத்தின் அடியில் நட்ட சீடாரும் அழுகும். பள்ளத்துக்கு உள்பக்க மேட்டில் நடுங்கோ. எல்லையில் பொதுப் பாவனைக்கு ஒதுக்கின துண்டு இருந்தால் அதில் வைக்க வேண்டாம்.

மூன்றாவது, ஒன்ராறியோ வன் கோல். கிடங்கு வெட்ட முதல் அவர்களுக்கு அறிவிக்க வேணும். சேவை இலவசம். ஒரு கிழமைக்கு மேல் முன்கூட்டியே கேளுங்கோ. வந்து புல்லில் நிறம் அடிப்பார்கள்: மஞ்சள் வாயு, சிவப்பு மின்சாரம், செம்மஞ்சள் தொலைபேசியும் இணையமும், நீலம் தண்ணீர். அடையாளத்துக்குக் கிட்ட இயந்திரம் வேண்டாம், கையால் மெதுவாகத் தோண்டுங்கோ.

நான்காவது, பின்வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை. அனுமதி கேட்கத் தேவையில்லை. ஆனால் ஒரு நாள் காலையில் திடீரென்று பதினைந்து மரம் நின்றால், 'எங்களைப் பார்க்கப் பிடிக்கவில்லைப் போல' என்றுதான் அவர்கள் நினைப்பார்கள். "அம்மா வெளியில இருக்கக் கூச்சப்படுறா, அதாலை மரம் வைக்கிறம்" என்று முன்னமே சொன்னால் விஷயம் முடிஞ்சுது. சில நேரம் செலவில் பாதியைத் தாற ஆக்களும் இருக்கினம்.

நடுவது எப்பிடி?

ஒஷாவாவுக்கு இரண்டு பருவம் நல்லது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை ஒன்று, ஓகஸ்ட் கடைசியிலிருந்து ஒக்டோபர் தொடக்கம் வரை மற்றது. தள்ளுபடி என்று நவம்பரில் வாங்கி நட்டால் வேர் ஓட நேரமில்லை. ஜூலை வெயிலில் நட்டால் தண்ணியோடையே வாழவேணும்.

மரத்துக்கு மரம் இரண்டரை முதல் மூன்று அடி. நாற்பதடிக்குப் பதின்மூன்று முதல் பதினாறு மரம். வாசகி கேட்ட பதினைந்து சரிதான்.

புதுக் குடியிருப்புகளில் மேல் மண்ணை வழித்துவிட்டு, பாரவண்டி ஓடி இறுகின களிமண்ணுக்கு மேல் நாலங்குலம் மண் பரப்பிப் புல் விரித்திருப்பார்கள். அதனால் கிடங்கை வேருருண்டையைப் போல் இரண்டு மூன்று மடங்கு அகலமாக வெட்டுங்கோ. ஆழம் மட்டும் உருண்டையின் உயரத்துக்கு மேல் வேண்டாம். களிமண்ணில் உருண்டையின் மேற்பகுதி நிலத்தை விட ஒன்றிரண்டு அங்குலம் உயர்ந்து நிற்கட்டும். அடிமரம் விரிந்து வேராகும் இடம் கண்ணுக்குத் தெரிய வேணும். நேர்சரியில் சில நேரம் அந்த இடத்தை மண் மூடியிருக்கும், விரலால் விலக்கிப் பாருங்கோ. சாக்குத் துணியில் கட்டி வந்த மரமென்றால், கிடங்கில் நிறுத்தின பிறகு கயிற்றை வெட்டி, மேல்பாதிச் சாக்கையும் கம்பியையும் எடுத்துவிடுங்கோ. சட்டியில் வந்ததென்றால் சுற்றிச் சுருண்ட வேரைக் கத்தியால் மூன்று நாலு இடத்தில் கீறிவிடுங்கோ.

தோண்டின அதே மண்ணாலேயே மூடுங்கோ. குழிக்குள் முழுக்கப் பீட்டும் கொம்போஸ்டும் கொட்டினால், சுற்றிக் களிமண், நடுவில் பஞ்சு மண், மழை பெய்தால் தண்ணித் தொட்டி. மரம் அதற்குள் மூழ்கும். கொம்போஸ்ட் இருந்தால் மேலே பரப்புங்கோ. அதற்கு மேல் மரத்தூள் இரண்டு மூன்று அங்குலம். அடிமரத்தைத் தொடாமல் ஒரு கையகலம் தள்ளி. மலை மாதிரிக் குவிக்க வேண்டாம்.

தண்ணியும் குளிரும்

சீடாரின் உயிர் தண்ணியில். முதல் இரண்டு கோடையும் ஒவ்வொரு மரத்துக்கும் கிழமைக்கு இருபது லீற்றர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கோ, இரண்டு வாளி. பதினைந்து மரத்துக்கு முந்நூறு லீற்றர். தினமும் ஐந்து நிமிஷம் தெளிப்பதை விட, கிழமைக்கு ஒன்று இரண்டு தரம் மெதுவாக ஊற விடுவதுதான் வேருக்குப் போகும். கசியும் குழாய் ஒன்றை வரிசையோரம் கிடத்திவிட்டால் வேலை சுகம். தண்ணி விட முதல் விரலை மூன்றங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கோ. ஈரமென்றால் அன்றைக்கு வேண்டாம்.

இப்ப முக்கியமான விஷயம். பல மரங்கள் சாவது கோடையில் இல்லை, பெப்ரவரி மார்ச்சில். சீடார் இலை உதிர்க்காத மரம். பெப்ரவரி வெயிலும் காற்றும் இலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நிலம் உறைந்திருப்பதால் வேரால் தண்ணி எடுக்க ஏலாது. மரம் நின்றபடி காயும். ஏப்ரலில்தான் மண்ணிறம் தெரியும். அதனால்தான் இலையுதிர் காலத்தில் எல்லாரும் குழாயைச் சுருட்டி வைக்கும்போது நீங்கள் நிற்பாட்டக் கூடாது. நவம்பரில் நிலம் உறையும் வரை தண்ணி விடுங்கோ. முதல் இரண்டு குளிருக்கும் காற்று வரும் பக்கமும் தென்மேற்குப் பக்கமும் தடி ஊன்றிச் சாக்குத் துணியால் ஒரு மறைப்புக் கட்டுங்கோ. மரத்தை இறுக்கிச் சுற்ற வேண்டாம், மரத்துக்கும் சாக்குக்கும் இடைவெளி வேணும்.

செப்டெம்பர் ஒக்டோபரில் உட்பக்கத்துப் பழைய இலை மண்ணிறமாகிக் கொட்டினால் பயப்பிடாதேங்கோ, அது வருஷா வருஷம் நடப்பது. நுனி மண்ணிறமானால்தான் யோசிக்க வேணும்.

பனி கனக்கப் பெய்தால் தும்புத்தடியால் கீழிருந்து மேலாக மெல்லத் தட்டிவிடலாம். ஐஸ் பிடித்திருந்தால் தொட வேண்டாம். 2013 டிசம்பர் ஐஸ் மழையில் ரொறன்ரோவும் டூறமும் கண்ட கோலம் பலருக்கு நினைவிருக்கும். ஐஸைத் தட்டினால் கிளையும் சேர்ந்து முறியும், தானாக உருக விடுங்கோ. இரண்டு மூன்று தண்டாகப் பிரியும் மரத்தை நவம்பரில் மென்மையான துணிப் பட்டியால் தளர்வாகக் கட்டினால் விரியாது.

வடக்கு ஒஷாவாவில் ஓடைக்கரைக்குக் கிட்ட இருப்பவர்களுக்கு மான் வரும். சீடார் அதற்குப் பலகாரம் மாதிரி. எட்டும் உயரம் வரை மொட்டையடித்துவிடும். குளிர்காலத்தில் வலை கட்டுங்கோ. முயலுக்கு அடியில் இரண்டு மூன்றடி உயரக் கம்பி வலை போதும்.

கத்தரிக்கும்போது ஒன்றை மட்டும் மறக்காதேங்கோ: இலையில்லாத பழைய மரப்பகுதி வரைக்கும் வெட்டினால் சீடார் திரும்பத் துளிர்க்காது. ஊர்ப் பூவரசு மாதிரி மொட்டையாக வெட்டினாலும் தளைக்கும் சாதி இல்லை இது. ஜூன் கடைசிக்குப் பிறகு நுனியை மட்டும் லேசாக, அடி அகலமாகவும் மேல் ஒடுக்கமாகவும் வெட்டினால் அடிக்கிளைக்கும் வெயில் படும். அதற்கு முதல் உள்ளே கூடு இருக்கோ என்று பாருங்கோ. மற்ற மரங்கள் மொட்டையாக நிற்கும் ஏப்ரலில் ரொபின் குருவி சீடாருக்குள்தான் கூடு கட்டும். கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால் கலைப்பது சட்டப்படியும் பிழை.

ஒரே மரத்தை வரிசையாக வைக்க வேணுமோ?

ஆஷ் மரங்களை ஒரு வண்டு வந்து தெருத் தெருவாக அழித்ததை டூறம் முழுக்கப் பார்த்தோம். ஒரே சாதியை வரிசையாக வைத்தால் ஒரே நோயில் எல்லாம் போகும். பதினைந்து சீடாருக்குப் பதிலாகப் பதினொன்று வைத்து, ஒரு மூலையில் சேர்விஸ்பெரி ஒன்று வைக்கலாம். இதுவும் இந்த நாட்டு மரம். மே தொடக்கத்தில் வெள்ளைப் பூ, ஜூனில் புளூபெரி மாதிரிப் பழம், இலையுதிர் காலத்தில் செம்மஞ்சள். பழத்தைப் பிள்ளைகளும் சாப்பிடலாம், குருவிகள் விட்டு வைத்தால்.

மூலை வீடென்றால், வீதி உப்புத் தெறிக்கும் பக்கத்தில் வெள்ளைச் சீடார் கஷ்டப்படும். அங்கே கிழக்கத்திய செஞ்சீடார் பொருத்தம். அது ஒரு ஜூனிப்பர், உப்பைக் கூடத் தாங்கும். ஆனால் செஞ்சீடாரையும் சேர்விஸ்பெரியையும் கிட்ட வைக்காதேங்கோ. ஒரு துருப்பூஞ்சணம் இரண்டுக்கும் மாறி மாறிப் போய், சேர்விஸ்பெரியின் இலையிலும் பழத்திலும் செம்மஞ்சள் புள்ளி போடும்.

அதுவரைக்கும் அம்மா?

வாசகியின் உண்மையான கேள்வி இதுதான் என்று நினைக்கிறன். மரம் வளர மூன்று நாலு கோடை. எழுபது தாண்டின ஒருவருக்கு மூன்று நாலு கோடை என்பது சின்ன விஷயமில்லை. குளிர்காலத்தில் அடைபட்டுக் கிடப்பவர்களுக்கு அந்த நாலு மாதம்தான் வெளி. அதையும் யன்னலுக்குப் பின்னால் கழித்தால் நடையும் குறையும், கதையும் குறையும்.

மேலே போட்ட நூல் கணக்கை இன்னொரு தரம் பாருங்கோ. மறைப்பு வேலியடியில் நின்றால் ஏழடி வேணும். அதையே அம்மாவின் கதிரைக்கு மூன்றடி முன்னால் வைத்தால் நாலரை அடி போதும். ஆக, இந்தக் கோடைக்கே ஒரு பந்தல் போடலாம். ஆறடியில் நாலு தடி, நடுவில் வலை. மே கடைசியில், உறைபனிப் பயம் போன பிறகு, பாகல், பயித்தை, அவரை எது விருப்பமோ அதை நட்டால் ஜூலை நடுப்பகுதியில் பச்சைச் சுவர். பெரிய சட்டியில் வைத்தால் கிண்டவும் தேவையில்லை. முக்கியமாக, அது அம்மாவின் பந்தலாக இருக்கட்டும். எங்கே தடி ஊன்றுவது, எதை நடுவது என்று அவவே சொல்லட்டும். மறைவில் இருக்கிறதுக்காக வெளியில் வர மாட்டா என்றாலும், பாகற்காய் பிடுங்க வருவா.

சீடார்களைப் பிள்ளைகளுக்குப் பங்கு போட்டுக் கொடுங்கோ. ஆளுக்கு ஒரு மரம், பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் மரத்தையும் பிள்ளையையும் சேர்த்து நிறுத்தி அளவுங்கோ. கதியால், கிடுகு, பொட்டு, பந்தல் என்ற சொற்களை அம்மம்மா அந்த நேரத்தில் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைக்கு ஒட்டும். வகுப்பில் படித்தால் ஒட்டாது.

கடைசியாக ஒன்று. வரிசையின் ஒரு ஓரத்தில், வேலிக் கதவு பக்கமாக, ஆள் போய்வர மூன்றடி இடம் விடுங்கோ. பின்வீட்டுக்காரருக்கு ஒரு பை பாகற்காய் நீட்ட ஒரு பொட்டு வேணும்.

அடுத்த மாதம்: கறிவேப்பிலைக் கன்றை ஒக்டோபரில் வீட்டுக்குள் எடுக்கும்போது இலை முழுக்கக் கொட்டுவது ஏன்? இதைக் கேட்டு எழுதின ஐந்து பேருக்கும் சேர்த்துப் பதில்.